மூலதனத்துக்கு மூலதனம் போட்டது யார்?

திட்டக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அன்றைக்கு உலக முதலாளித்துவம் சாகக் கிடந்தது. நான் நேரில் பார்த்தேன்.

எண்பதுகளின் கடைசி. எனக்குப் பதினைந்து வயது. எங்கள் ஊர் அப்போது தென்னாற்காடு மாவட்டம். ரெண்டு டியூப்லைட், ஒரு ஆம்ப்ளிஃபயர், வேப்பமரத்தில் கட்டிய ரெண்டு குழாய் ஸ்பீக்கர். மேடையில் வெளியூர்த் தோழர். கீழே பதினோரு பேர். அதிலும் நாலு பேர் விருத்தாசலம் கடைசி பஸ்ஸுக்கு நின்றவர்கள். பெஞ்சு சும்மா கிடக்கிறதே என்று உட்கார்ந்தவர்கள். "தோழர்களே, இந்தச் சர்வதேச முதலாளித்துவம் இருக்கிறதே, அது தன் கடைசி மூச்சை இதோ..." என்று தோழர் கையை உயர்த்தினார். ஃபியூஸ் போய்விட்டது.

கும்மிருட்டு. அதில் மைக் செட்காரர் குரல் மட்டும் நிதானமாக வந்தது. "தோழரே, போன கூட்டத்து வாடகையே இன்னும் வரல."

அன்றிலிருந்து எனக்கு ஒரு வியாதி. மார்க்சியம் பற்றி எந்தத் தடிமனான புத்தகத்தை எடுத்தாலும், எந்த செமினாரில் போய் உட்கார்ந்தாலும், தத்துவம் மண்டையில் ஏறுவதற்கு முன்னால் அந்தக் குரல் ஏறிவிடுகிறது. சரிப்பா, இதுக்கெல்லாம் வாடகை யார் கொடுத்தது? நோண்டிப் பார்த்தால், ஒவ்வொரு மகானுக்குப் பின்னாலும் ஒரு மைக் செட்காரர் நிற்கிறார்.

பெரிய தாடிக்காரரிடமிருந்தே ஆரம்பிப்போம்.

1845 பிப்ரவரியில் லெஸ்கே என்ற பாவப்பட்ட ஜெர்மன் பதிப்பாளர் கார்ல் மார்க்ஸிடம் ஒப்பந்தம் போட்டார். பொருளாதாரம் பற்றி ரெண்டு பாகம் எழுதித் தர வேண்டும்; அட்வான்ஸ் 1,500 பிராங்க். மார்க்ஸ் அட்வான்ஸை வாங்கிக்கொண்டார். புத்தகம்? வரவேயில்லை. 'மூலதனம்' முதல் பாகம் வெளிவந்தது 1867 செப்டம்பரில், அதுவும் ஹாம்பர்க்கில், வேறொரு பதிப்பாளரிடமிருந்து. இருபத்திரண்டு வருஷம்! தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை எங்கள் தெரு டெய்லரே பொங்கலுக்குள் கொடுத்துவிடுவார்.

ஜாக்கெட் என்றதும் கோட்டு ஞாபகம் வருகிறது. 1852 குளிர்காலத்தில் மார்க்ஸ் வெளியே போக முடியாமல் லண்டன் வீட்டிலேயே கிடந்தார். உடம்புக்கு ஒன்றும் இல்லை, கோட்டு அடகுக் கடையில் இருந்தது. பிற்பாடு 'மூலதனம்' எழுதும்போது, சரக்கு என்றால் என்ன, அதன் மதிப்பு என்றால் என்ன என்று முதல் அத்தியாயத்திலேயே விளக்க வேண்டி வந்தது. உலகத்தில் எத்தனையோ சரக்கு இருக்கிறது. மனுஷன் எடுத்துக்கொண்ட உதாரணம் என்ன தெரியுமா? 20 கஜம் லினன் துணி சமம் ஒரு கோட்டு. அடகு வைத்தவனுக்குத்தானே தெரியும் கோட்டின் மதிப்பு!

1862-ல் கஷ்டம் முற்றி, ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டார். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள், அந்த ஆபீசர் மட்டும் கொஞ்சம் இரக்கப்பட்டிருந்தால் இருபதாம் நூற்றாண்டே வேறு மாதிரி போயிருக்கும். மார்க்ஸ் பென்ஷன் வாங்கிக்கொண்டு, ரயில் ஏன் லேட் என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்திருப்பார்.

இத்தனைக்கும் நடுவில் வாடகை கொடுத்தவர் எங்கெல்ஸ். மான்செஸ்டரில் நூல் ஆலை, குடும்ப பிசினஸ். வார நாளில் முதலாளி, லீவு நாளில் குதிரையேறி நரி வேட்டை, ராத்திரியில் புரட்சி. தபாலில் பணம் திருடு போகக்கூடாதே என்று நோட்டை ரெண்டாக வெட்டி, ரெண்டு தனித்தனிக் கவரில் மார்க்ஸுக்கு அனுப்புவார். ஒரு பாதி வந்ததும் மார்க்ஸ் அடுத்த தபாலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். தொழிலாளியின் உழைப்பில் முதலாளி சுரண்டும் உபரி மதிப்பு பற்றிய உலகின் தலைசிறந்த நூல் எழுதப்பட்டது, சாட்சாத் அந்த உபரி மதிப்பில்தான்.

எங்கெல்ஸ் போதாத நேரத்தில் சித்தப்பா. லயன் பிலிப்ஸ் என்று ஹாலந்தில் ஒரு வியாபாரி, மார்க்ஸின் அம்மாவுடைய தங்கச்சி புருஷன். 1864-ல் அவருக்கு எழுதிய கடிதத்தில் மார்க்ஸ் ஒரு குண்டு போட்டார்: ஷேர் மார்க்கெட்டில் விளையாடி 400 பவுனுக்கு மேல் சம்பாதித்துவிட்டேன்! நிஜமாகச் சம்பாதித்தாரா, பணக்காரச் சித்தப்பாவிடம் விட்ட ரீலா என்று அறிஞர்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இதில் என்ன வேடிக்கை என்றால், அந்தச் சித்தப்பாவின் மகனும் பேரனும் சேர்ந்து 1891-ல் பல்பு செய்ய ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். ஆமாம், அதே பிலிப்ஸ்தான். அன்றைக்குத் திட்டக்குடி மேடையில் அணைந்துபோன டியூப்லைட்டில் என்ன பெயர் எழுதியிருந்தது என்று நான் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

'மூலதனம்' முதல் பதிப்பு ஆயிரம் பிரதி. அது விற்றுத் தீர வருஷக்கணக்கானது. எழுதும்போது ஊதின சுருட்டுக் காசுக்குக்கூட இது கட்டாது என்று ஆசிரியரே அலுத்துக்கொண்டதாக அவருடைய மருமகன் லஃபார்க் எழுதி வைத்திருக்கிறார். பிறகு ஒரே ஒரு நாட்டில் மட்டும் சக்கைப்போடு போட்டது. 1872-ல் ரஷ்ய மொழிபெயர்ப்பு ஜார் அரசின் தணிக்கை அதிகாரியிடம் போனது. அவர் புரட்டிப் பார்த்தார். இதைப் படிக்கிறவனே கொஞ்சம், புரிந்துகொள்கிறவன் அதைவிடக் கொஞ்சம் என்று அனுமதி கொடுத்துவிட்டார். நம்மூர் சென்சார் போர்டுக்குக்கூட இப்படி ஒரு சறுக்கல் கிடையாது.

இந்தத் தாடிக்காரருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. மார்க்ஸ் எங்கள் ஊர் வெள்ளாற்றங்கரைக்கு வந்ததில்லை, இந்தியாவுக்கே வந்ததில்லை. ஆனால் நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகைக்கு 1853-லிருந்து இந்தியா பற்றி எழுதித் தள்ளினார். இன்றைய பாஷையில் சொன்னால் ஃப்ரீலான்ஸ் கன்டென்ட் ரைட்டர், வொர்க் ஃப்ரம் ஹோம். மார்க்ஸ் பெயரில் வந்த கட்டுரைகளில் கணிசமானவற்றை எழுதியது எங்கெல்ஸ். காசும் கொடுத்து, கட்டுரையும் எழுதிக் கொடுத்த சிநேகிதன்! எனக்கு வாய்த்தவர்கள் டீக்குக்கூட பர்ஸை எடுக்க மாட்டார்கள்.

ஆனால் 1857 செப்டம்பரில் வந்த ஒரு கட்டுரையைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு நின்றுபோகும். சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலுக்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்களா என்று விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். 1855-ல் அறிக்கை வந்தது. கிட்டி என்ற கட்டைக் கருவியில் விரலை நசுக்குவது, அண்ணாந்தாள் என்று கழுத்தையும் காலையும் கயிற்றால் இழுத்துக் கட்டி வெயிலில் போட்டுவைப்பது, எல்லாம் அதில் பெயரோடு பதிவாகியிருக்கிறது. நம் தாத்தாவுக்குத் தாத்தாக்கள் கிஸ்தி கட்டிய லட்சணம் இது. லண்டனில் உட்கார்ந்துகொண்டு அந்த அறிக்கையைப் படித்துக் கொதித்து எழுதினார் மார்க்ஸ். கவனியுங்கள், வெள்ளைக்காரனை நார் நாராகக் கிழித்த அந்தக் கட்டுரைக்கு ஆதாரம் மொத்தமும் வெள்ளைக்காரன் செலவில் அச்சடித்தது.

கடல் தாண்டி மார்க்சியம் சென்னைக்கு வந்தபோது அதைத் தோளில் தூக்கிக்கொண்டவர் வாலிபப் பையன் இல்லை. ம. சிங்காரவேலர், 1860-ல் பிறந்தவர். அறுபது வயதுக்கு மேல் மற்ற வக்கீல்கள் ராமேஸ்வரம் டிக்கெட் எடுக்கும் காலத்தில், இவர் வக்கீல் கவுனைக் கொளுத்திவிட்டு, உலகப் புரட்சிக்கு டிக்கெட் எடுத்தார். 1923 மே 1 அன்று இந்தியாவிலேயே முதல் மே தினம், சென்னைக் கடற்கரையில், ரெண்டு இடத்தில். செங்கொடி ஏற்ற வேண்டும். சிவப்புத் துணி கைவசம் இல்லை. வீட்டுக்குள் போனவர் மகளுடைய சிவப்புப் புடவையைக் கிழித்துக்கொண்டு வந்தார் என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. உண்மையோ இல்லையோ, எல்லாரும் அந்தக் கொடியைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு வேறு புடவை வாங்கிக் கொடுத்தார்களா என்று ஒரு வரலாற்று ஆசிரியராவது கேட்டாரா?

மனிதர் புத்தகப் பைத்தியம். சென்னையில் தனி ஆள் ஒருவர் வைத்திருந்த மிகப் பெரிய நூலகங்களில் ஒன்று அவருடையது. 1925 டிசம்பரில் கான்பூரில் நடந்த முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்கு அவர்தான் தலைமை. சொத்து பத்து இருந்த குடும்பம் என்பதால் அங்கே இங்கே கை நீட்டாமல், தன் காசிலேயே தன் வர்க்கத்துக்குக் குழி தோண்ட முடிந்தது. இந்த வரலாற்றில் மைக் செட் பாக்கி வைக்காத ஒரே ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்த மூலதனம் ஈரோட்டிலிருந்து. மண்டி வியாபாரக் குடும்பத்துப் பிள்ளையான பெரியார், தன்னுடைய 'குடிஅரசு' பத்திரிகையில் 1931 அக்டோபரில் 'சமதர்ம அறிக்கை' என்ற பெயரில் கம்யூனிஸ்ட் அறிக்கையைத் தமிழில் போட ஆரம்பித்தார். உடமையை ஒழிக்கச் சொல்லும் அறிக்கை, கணக்குப் பிள்ளை வைத்து நடத்திய குடும்பத்து வாரிசின் கையால்! 1932-ல் நேரில் சோவியத் நாட்டுக்கே போய் மூணு மாசம் தங்கிப் பார்த்துவிட்டு வந்தார். வந்து, இனிமேல் எல்லாரும் ஒருவரை ஒருவர் 'தோழர்' என்று கூப்பிடுங்கள் என்றார். மகாஜனங்களே, ஸ்ரீமான்களே எல்லாம் ஒரே நாளில் அவுட். குழந்தைகளுக்கு ரஷ்யா, மாஸ்கோ என்றெல்லாம் பெயர் வைத்தார். ஆனால் வியாபாரி ரத்தம் எங்கே போகும்? பெயர் வைக்கவும், கூட நின்று போட்டோ எடுக்கவும் இயக்கத்துக்குக் காசு வாங்குவார். மார்க்ஸுக்கு இந்த புத்தி கொஞ்சம் இருந்திருந்தால் கோட்டு அடகுக்குப் போயிருக்காது.

பெயர் வைப்பதில் நம்மை உலகத்தில் யாரும் அடித்துக்கொள்ள முடியாது. ரஷ்யாவில் ஸ்டாலின் பெயரை ஊர்களிலிருந்தே எடுத்துவிட்டார்கள்; 1953 மார்ச்சில் பிறந்த கலைஞர் மகனுக்கு வைத்த பெயர் கோட்டை வரை போனது. 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு முதலீட்டு ஒப்பந்தங்கள் கையெழுத்தானபோது, உலக முதலாளிகளைக் கை குலுக்கி வரவேற்ற முதலமைச்சர் பெயர் ஸ்டாலின். மாஸ்கோ ஸ்டாலின் கேள்விப்பட்டிருந்தால் மீசை ஒரு பக்கம் துடித்திருக்கும். மார்க்ஸும் நம்மிடம் இருக்கிறார், அ. மார்க்ஸ், தஞ்சாவூர்ப் பக்கம், பௌதிகப் பேராசிரியராக இருந்தவர். புத்தகக் கடையில் போய் மார்க்ஸ் எழுதினது வேண்டும் என்று கேட்டால், எந்த மார்க்ஸ் சார் என்பார்கள்.

எங்கள் தலைமுறைக்கு வாடகை கட்டியது மாஸ்கோ. முன்னேற்றப் பதிப்பகம் என்று போட்டு, தமிழிலேயே அச்சாகி, கப்பலேறி வரும் புத்தகங்கள். நியூ செஞ்சுரிக்காரர்கள் வேனில் கொண்டுவந்து விற்பார்கள். காலிகோ பைண்டிங், வழவழ காகிதம், மூக்கைத் தூக்கும் மை வாசனை, விலை மட்டும் பரோட்டா சால்னாவோடு போட்டி போடும். வாங்கியவர் அத்தனை பேரும் படித்தார்களா என்று கேட்கக் கூடாது. லெனின் தொகுதி ஒன்று எங்கள் வீட்டில் தையல் மிஷின் ஆடாமல் இருக்கப் பல வருஷம் உதவியது. 'சோவியத் நாடு' பத்திரிகைத் தாள் நோட்டுக்கு அட்டை போட அவ்வளவு தோதானது. மழையில் நனைந்தாலும் கிழியாது. என் கணக்கு நோட்டின் அட்டையில் கோதுமை வயலில் டிராக்டர் ஓட்டும் உக்ரைன் அக்கா சிரித்துக்கொண்டிருப்பாள். உள்ளே 35 மார்க். 1991-ல் அந்த நாடே இல்லாமல் போனது. அக்கா அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

இவ்வளவு செலவழித்த மாஸ்கோவைக்கூட மிஞ்சிய ஒரு புரவலர் உண்டு. தமிழில் 'மூலதனம்' என்றதும் நினைவுக்கு வரும் பெயர் தியாகு. நக்சல்பாரி இயக்கத்தில் இருந்து, தூக்குத் தண்டனை பெற்று, அது ஆயுளாகக் குறைந்து, வருஷக்கணக்கில் சிறையில் இருந்தவர். அங்கேதான் அந்த மலையைத் தமிழில் புரட்டினார். அரசைத் தூக்கி எறியச் சொல்லும் சித்தாந்தத்தின் மூல நூலை மொழிபெயர்த்து முடிக்க, தங்குமிடம், சாப்பாடு, ஏகப்பட்ட நேரம், இருபத்து நாலு மணி நேரப் பாதுகாப்பு எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தது அந்த அரசு. சாகித்திய அகாடமிகூட யாருக்கும் இப்படி ஃபெல்லோஷிப் கொடுத்ததில்லை. கஷ்டப்பட்டது என்னவோ அவர்தான். நான் வேடிக்கையாகச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது காலம் மாறிவிட்டது. தெருமுனையில் பேசியதை ஏசி ஹாலில் பேசுகிறார்கள். 'நவதாராளமய உலகச் சூழலில் சரக்கு மாய வழிபாடு' என்று போன வருஷம் ஒரு கல்லூரியில் கருத்தரங்கம், என்னையும் கூப்பிட்டார்கள். மேடையின் ஃப்ளெக்ஸில் மார்க்ஸ் தலைக்கு மேல் ஒரு தனியார் வங்கியின் விளம்பரம். பொன்னாடை, மெமென்டோ, குரூப் போட்டோ, இ-சர்டிபிகேட். சரக்கு மாயை பற்றி முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வெளியே வந்தால், போக்குவரத்துப் படிக்கு ஒரிஜினல் பஸ் டிக்கெட்டை ஒட்டிக் கொடுக்கச் சொன்னார்கள். டிக்கெட்டை நான் பேச்சுக் குறிப்பில் பக்க அடையாளமாக வைத்து, எங்கேயோ நழுவவிட்டுவிட்டேன். பணம் இன்னும் வரவில்லை. மைக் செட்காரர் குரல் எப்படி அடிவயிற்றிலிருந்து வரும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

வெளிநாட்டில் இன்னும் ஜோர். முன்பு கார்ல் மார்க்ஸ் நகரம் என்று பெயர் வைத்திருந்த ஜெர்மன் ஊரான கெம்னிட்ஸில், 2012-ல் ஒரு வங்கி மார்க்ஸ் முகம் போட்ட கிரெடிட் கார்டை வெளியிட்டது. வாடிக்கையாளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த படம்! பாவம், உயிரோடு இருந்தபோது அவருக்கு எந்த வங்கியும் கார்டு கொடுத்திருக்காது. அவர் பிறந்த டிரியர் ஊரில் 2018-ல் இருநூறாவது பிறந்தநாளுக்கு அவர் படம் போட்ட சைபர் யூரோ நோட்டு அச்சடித்தார்கள். மதிப்பு 0 யூரோ. விற்ற விலை 3 யூரோ. உபரி மதிப்பை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் விளக்கியதில்லை. லண்டன் ஹைகேட்டில் அவர் சமாதியைப் பார்க்கப் போனால் நுழைவுக் கட்டணம் உண்டு. 1883 மார்ச்சில் அவரைப் புதைத்தபோது கட்டணமும் இல்லை, கூட்டமும் இல்லை. வந்தவர்கள் பத்துப் பதினோரு பேர்தான். திட்டக்குடிக் கூட்டத்தைக் கேவலமாக நினைத்தவர்கள் இந்த இடத்தில் மனதார மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

டிரியருக்கு அதே வருஷம் ஆள் உயரத்தைவிட ரெண்டு மடங்குக்கும் பெரிய வெண்கல மார்க்ஸ் சிலை ஒன்று பரிசாக வந்து இறங்கியது. அனுப்பியது சீனா. சீனா என்றதும் விருத்தாசலத்துக்காரன் காது விடைக்கும். நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிக் கிடைக்கும் களிமண்ணை வைத்துக்கொண்டு பீங்கான் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் சுட்டுப் பிழைக்கிற ஊர் அது. பீங்கான் வேலையைச் சொல்லிக் கொடுக்கத் தனியாக ஒரு அரசுக் கல்லூரியே உண்டு. அங்கே கடைத்தெருவில் உள்ளூர்ப் பிள்ளையார் பொம்மைக்குப் பக்கத்திலேயே தொப்பையைக் காட்டிச் சிரிக்கிற சீன புத்தர் உட்கார்ந்திருக்கிறார். கம்யூனிஸ்ட் கட்சி ஆளும் நாட்டிலிருந்து, திறந்த சந்தை வழியாக, கொலுப்படிக்கு! உலக முதலாளித்துவம் பற்றி மூணு நாள் கருத்தரங்கம் நடத்துகிறவர்கள் அந்தக் கடையில் ஒரு பத்து நிமிஷம் நின்றால் போதும். பேரம் பேசவும் கற்றுக்கொள்ளலாம்.

சரி, ஃபியூஸ் போன இருட்டுக்கு வருகிறேன்.

மைக் செட்காரர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வெள்ளை ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினார். கருகியிருந்த கம்பியை நகத்தால் சுரண்டி எடுத்து, பழைய வயரிலிருந்து ஒரு இழை செம்பு உருவி, பல்லால் கடித்து நறுக்கி, இந்தத் திருகாணியிலிருந்து அந்தத் திருகாணிக்குச் சுற்றினார். கட்டை விருத்தாசலத்தில் சுட்டதாகத்தான் இருக்கும். டப்பென்று செருகியதும் விளக்கு வந்தது. எதிரே ஏழு பேர்தான் இருந்தார்கள். கடைசி பஸ் போயிருந்தது. அதில் போயிருக்க வேண்டிய தோழர் மேடையில் நின்றிருந்தார்.

தோழர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இன்னும் முக்கால் மணி நேரம். முதலாளித்துவம் செத்ததா என்று எனக்கு ஞாபகமில்லை. சாப்பிடக் கூப்பிட்டு அக்கா வந்துவிட்டாள். ஆனால் கிளம்பும்போது பார்த்தேன். தோழர் ஜிப்பாப் பையைத் துழாவி, கசங்கிய நோட்டும் சில்லறையுமாக இருந்ததை எல்லாம் எடுத்து மைக் செட்காரர் கையில் திணித்தார். அவர் டியூப்லைட் வெளிச்சத்தில் எண்ணிப் பார்த்தார். ரெண்டு தரம் எண்ணினார்.

"ஊருக்கு எப்படிப் போவீங்க?"

"காலையில பார்த்துக்கலாம் தோழர். இந்த பெஞ்சே போதும்."

மைக் செட்காரர் ஸ்பீக்கர் கட்டின கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அந்தக் கசங்கிய நோட்டுகளிலிருந்தே ஒன்றை உருவி, தோழரின் பையில் திரும்பச் செருகினார். "டீ குடிச்சிட்டு முதல் பஸ்ஸுக்குப் போங்க. அடுத்த கூட்டத்துக்குத் தேதி மட்டும் முன்னாடியே சொல்லுங்க தோழரே, முகூர்த்த நாளா இருந்தா செட்டு கிடைக்காது."